ஓடுற கடைசி தேதி

ஒரகடம் கூட்ரோடு பஸ் ஸ்டாப்.
ஐடிஐ முடிச்ச தம்பி ஒருத்தன், வேலை அறிவிப்பு வெப்சைட்டைத் திறந்து போனை நீட்டினான்.
"அண்ணா, கடைசி தேதி என்னன்னு பாருங்க. படிக்கறதுக்குள்ள ஓடிடுது."

தலைப்பு மினுக்குது.
பக்கத்துல "புதியது"ன்னு சிவப்புல மினுக்குது.
தேவையான தேதி மட்டும் ஓடுது!

எழுத்தை மினுக்க வைக்கிற பழைய கோடை ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் 2013லயே தூக்கிடுச்சு.
5 செகண்டுக்கு மேல தானா எழுத்து ஓடினா, நிறுத்த வழி இருக்கணும்னு உலக இணைய அணுகல் நெறிமுறையே சொல்லுது.

எங்க பிளான்ட்ல, லைன்ல பிரச்சினைன்னா காட்டுற ஆன்டான் போர்டு சிவப்பானா லைனே திரும்பிப் பார்க்கும்.
மத்த நேரத்துல அது சிவப்பா இருக்காது, அதனாலதான்.

வெப்சைட் பண்றவங்களே,
அந்தத் தம்பி மாதிரி பசங்க வேலைக்காகப் பார்க்குறாங்க.
கடைசி தேதியைத் தடிச்ச எழுத்துல, அசையாம, மேலயே போடுங்க.
மினுக்கல் எல்லாத்தையும் எடுத்துடலாம்தானே?