‘பை’ இல்லாத வாக்கியங்கள்

பள்ளியில் செயப்பாட்டு வினை பயின்ற நாளை மறந்தவர் நம்மில் அரியர். இராமன் இராவணனைக் கொன்றான். இராவணன் இராமனால் கொல்லப்பட்டான். ரென்–மார்ட்டின் இலக்கண நூலைக் கையில் ஏந்தி, ஆங்கில ஆசிரியர் வாக்கியங்களைத் திருப்பிப் போடச் சொல்வார். முன்னே நின்ற எழுவாயைப் பின்னே தள்ளி, அதன் தலையில் ‘பை’ என்னும் சிறு சொல்லை வைத்துவிட்டால் முழு மதிப்பெண். ‘பை’யை மறந்தவனுக்கு அரை மதிப்பெண் குறையும். செய்தவன் முன்னே நின்றாலும் பின்னே நின்றாலும் வாக்கியத்துக்குள் நின்றே தீரவேண்டும் என்பது அந்நாளில் நாம் கொண்டிருந்த நம்பிக்கை.

2003-ஆம் ஆண்டில் தலைநகருக்கு வந்து, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக அமர்ந்த முதல் வாரத்திலேயே அந்நம்பிக்கை தகர்ந்தது. ‘தி மேட்டர் ஹாஸ் பீன் எக்ஸாமின்ட்’ என்று கோப்பில் எழுதியிருக்கும். ஆராய்ந்தவர் யார்? ‘அப்ரூவல் மே கைண்ட்லி பி அக்கார்டட்’ என்றிருக்கும். ஒப்புதல் தரவேண்டியவர் யார்? குறிப்பாணை என்றால் ‘தி அண்டர்சைன்ட் ஈஸ் டைரெக்டட் டு ஸே’ என்றே தொடங்கும். கீழே கையொப்பமிட்டவர் பணிக்கப்பட்டிருக்கிறார். பணித்தவர் எவரென்று தாள் பேசாது. பள்ளியில் அரை மதிப்பெண்ணுக்காக நாம் கட்டிக் காத்த ‘பை’ அங்கே ஓரிடத்திலும் இல்லை.

இது நம் அலுவலகத்தார் கண்டெடுத்த கள்ளத்தனம் என்று சில காலம் எண்ணியிருந்தோம். அது பிழை. ராண்டால்ஃப் குவர்க்கும் உடனாசிரியர் மூவரும் 1985-இல் வெளியிட்ட ஆங்கிலப் பேரிலக்கணத்தில், செயப்பாட்டு வாக்கியங்கள் ஐந்தில் ஏறத்தாழ நான்கு, செய்தவரைச் சொல்லாமலே முடிகின்றன என்று கண்டிருக்கிறார்கள். பயிற்சி ஏட்டில் விதியாக இருப்பது, வழக்கில் விலக்காக இருக்கிறது! மிதிவண்டி களவாடப்பட்டது என்கிறோம். கள்வன் யாரென்று தெரியாது. அவன் கைது செய்யப்பட்டான் என்கிறோம். காவலர்தாம் செய்திருப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமோ? ‘ஐ வாஸ் பார்ன்’ என்று ஆங்கிலேயன் தன் பிறப்பையே செயப்பாட்டில் வைக்கிறான். தாயை எவரும் ‘பை’ போட்டுச் சொல்வதில்லை. செயப்பாட்டு வினையைத் தவிர்க்குமாறு 1946-இல் விதி வகுத்த ஜார்ஜ் ஆர்வெல்லும் அதே கட்டுரையில் அதைத் தாராளமாகக் கையாண்டிருக்கிறார்.

அரசாங்க வழக்குக்கும் ஒரு நியாயம் உண்டு. அரசியலமைப்பின் 77-ஆம் உறுப்பின்படி, இந்திய அரசின் நிருவாக நடவடிக்கை எல்லாம் குடியரசுத் தலைவரின் பெயரால் வெளிப்படுத்தப்பட வேண்டும். எழுதும் எழுத்தரும் ஒப்பமிடும் அலுவலரும் தம் சொந்த வாயால் பேசுவதில்லை. ஆள் மாறினாலும் ஆணை மாறாதிருக்கும் பொருட்டு ஆள் மறைகிறார். இதைக் குறை கூற மாட்டோம்.

நிற்க. குறை கூறவேண்டிய இடம் நம்முடையது.

2011-இல் நாம் இருந்த பிரிவுக்கு, பணியிலிருக்கும்போதே இறந்துபோன கடைநிலை ஊழியர் ஒருவரின் குடும்ப ஓய்வூதியத் தாள்கள் வந்தன. தமிழ்க் குடும்பம். அத்தாள்கள் வேறொரு கோப்பினுள் சென்று ஏழு திங்கள் உறங்கின. கண்டெடுத்தபோது, அம்மையாருக்கு விடை எழுதும் பொறுப்பும் நமக்கே வந்தது. எழுதினோம்: ‘இட் ஈஸ் ரிக்ரெட்டட் தட் தி பேப்பர்ஸ் வேர் இனட்வர்டன்ட்லி மிஸ்ப்ளேஸ்ட்.’ தாள்கள் கவனக்குறைவால் இடம் மாறி வைக்கப்பட்டமைக்கு வருத்தம் தெரிவிக்கப்படுகிறது. நம் பிரிவு அலுவலர் ஒரு சொல்லையும் திருத்தாமல் அனுப்பிவைத்தார். நல்ல வரைவு என்று நமக்கும் பெருமிதமே. இன்று எடுத்துப் படித்தால் அதன் திறம் விளங்குகிறது. இடம் மாற்றி வைத்தவர் மட்டுமா இல்லை? வருந்துபவரும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து அம்மையார் நேரில் வந்தார். தமிழ்ப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் படித்துவந்த மகன் உடன் வந்திருந்தான். கடிதத்தை அவன்தான் தாய்க்குப் படித்துச் சொல்லியிருக்கிறான்.

“சார், இது பாஸிவ் வாய்ஸ்தானே? எங்க மிஸ் ‘பை’ போடணும்னு சொல்வாங்க. இதுல பை இல்லையே?” என்றான் அவன்.

அம்மையார் திடுக்கிட்டுத் தம் மடியைப் பார்த்தார். “எந்தப் பைடா? இதோ இருக்கே,” என்று துணிப்பையைத் தூக்கிக் காட்டினார். பக்கத்து மேசைத் தமிழர் வாய்விட்டுச் சிரித்தார். நாமும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் அவர் கேட்டார்: “யாரு தம்பி மாத்தி வச்சது?”

குரலில் சினம் இல்லை. அந்த ஏழு திங்களில் இரண்டு வீடுகளில் பாத்திரம் துலக்கியதையும், மூத்த மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக இரண்டு வளையல்களை அடகு வைத்ததையும் முன்னரே சொல்லியிருந்தார். நாம் சொன்ன விடை இது: “எப்படியோ நடந்துபோச்சும்மா. இனிமே தவறாம வந்துடும்.”

ஆங்கிலச் செயப்பாட்டு வினையை ஏசித் தமிழின் நேர்மையைப் போற்றும் கட்டுரை ஒன்றை எழுதவே முதலில் எண்ணினோம். தமிழில் ‘படு’ என்னும் துணைவினையை நாம் வீட்டில் அதிகம் ஆள்வதில்லை. வீடு கட்டியிருக்கிறார்கள், பணம் கொடுத்துவிட்டார்கள் என்றே பேசுகிறோம் என்றெல்லாம் சான்றுகளும் சேர்த்துவைத்தோம். ஆனால், ‘நடந்துபோச்சு’ என்ற நம் சொல் குறுக்கே வந்து நிற்கிறது. அதில் ‘படு’ இல்லை, ‘பை’யும் இல்லை, ஆளும் இல்லை. கண்ணாடியைக் கைநழுவ விட்ட குழந்தையும் ‘உடைஞ்சுபோச்சு’ என்றுதானே சொல்கிறது? திண்ணை தன்னைத் தானே மெழுகிக்கொண்டது போலப் பேசும் வழக்கைத் தொல்காப்பியரே கண்டு இலக்கணம் கூறியிருக்கிறார். ஒளிந்துகொள்ள விரும்புகிறவனுக்கு எம்மொழியிலும் இடம் உண்டு. இக்கட்டுரை முழுதும் ‘நாம், நாம்’ என்று எழுதி வருகிறோமே, அதுவும் அத்தகைய இடந்தான்.

இப்போது அலுவலகத்தில் மின்கோப்பு வந்துவிட்டது. எவர், எந்நாளில், எத்தனை மணிக்கு அதைக் கையாண்டார் என்பதைக் கணினி பெயரோடு காட்டிவிடுகிறது. குறிப்புகளின் வாக்கியங்கள் மட்டும் பழையபடியே இருக்கின்றன.

அம்மையாருக்கு நிலுவையோடு ஓய்வூதியம் வந்தது. வளையல்கள் மீண்டனவா என்று கேட்கும் துணிவு நமக்கு இல்லை. பையன் வளர்ந்து வேலைக்குப் போகிறான். பொங்கல் விழாவில் நம்மைக் காணுந்தோறும் அவர், “பென்ஷன் வாங்கிக் குடுத்த தம்பி” என்று அருகில் இருப்பவரிடம் சொல்லிக் கைகூப்புகிறார். நாமும் கைகூப்பிவிட்டுப் பந்திப் பக்கம் நகர்ந்துவிடுகிறோம்.

இம்மலர் அவர் இல்லத்துக்கும் செல்லும். மகன் படித்துக் காட்டுவான். அந்தத் தாள்களை வேறொருவருடைய கோப்பில் செருகி வைத்தவர் நாமே, அம்மா.