மாக் மூன்றில் ஒரு மாலை

எஸ்ஆர்-71 பிளாக்பேர்டு ஆட்-ஆனை வீட்டு சிமுலேட்டரில் ஓட்டும்போதெல்லாம், அதை வடிவமைத்த கெல்லி ஜான்சன் குழுவின் மீது மரியாதை கூடிக்கொண்டே போகிறது. 1964-ல் முதன்முதலாகப் பறந்த விமானம் இது!

மாக் 1.6-ஐத் தாண்டியதும் இன்ஜின் முகப்பிலுள்ள கூம்புகள் மெல்லப் பின்னால் நகரும். உள்ளே பாயும் காற்றின் அதிர்வலையைச் சரியான இடத்தில் பிடித்து நிறுத்துபவை அவைதான்.

80,000 அடியில் வானம் கருநீலம். மாக் 3-ல் முப்பது டிகிரி சாய்த்துத் திரும்பினாலும் வட்டத்தின் ஆரமே நூறு கிலோமீட்டரைத் தாண்டும். அதனால் திருப்பத்தை வெகு முன்பே கணக்குப் போட்டாக வேண்டும். அந்த வேகத்தில் உடல் கொதிக்கும் என்பதால்தான் டைட்டானியத்தில் கட்டினார்கள்.

வேகத்தை விரும்பும் நண்பர்களே, இதை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வேகம் எவ்வளவு நிதானத்தைக் கேட்கிறது என்பது கைக்கே புரியும்.