"நீ சும்மா வந்து உக்காரு"

லெந்து காலம் தொடங்கிவிட்டால் சிவகாசியை ஒட்டிய எங்கள் சாட்சியாபுரத்தில் சாயந்தர ஜெபம் வீடு வீடாக நகரும். எந்த நாள் யார் வீடு என்று ஞாயிறு ஆராதனையிலேயே வாசித்துவிடுவார்கள். முறை வந்த வீட்டில் ஒட்டிக் காயவைத்த தீப்பெட்டிக் கூடுகளைச் சாக்கில் அள்ளி மூலையில் ஒதுக்கிவிட்டுப் பாய் விரித்திருக்கும். பயராபீஸ் என்று நாங்கள் சொல்லும் பட்டாசு ஆலையில் வேலை முடிந்து வரும் பெண்கள் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் வருவார்கள். இருந்தும் அலுமினியப் பொடி நகக்கண்ணை விட்டுப் போகாது. என் பெரியம்மாவுக்குப் பிடித்த கீர்த்தனைகள் எவை என்று அவள் புத்தகத்தின் பக்க ஓரங்களில் படிந்திருந்த வெள்ளி மினுக்கத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

பிரசங்கம் பத்து நிமிடம். அதற்குப் பிறகு நடப்பதுதான் கூட்டம். "ஜெபக் குறிப்பு உண்டுமா?" என்று உபதேசியார் கேட்டதும் ஒவ்வொருத்தராக அவிழ்ப்பார்கள். மகனுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை, மருமகளுக்கு ஏழாம் மாதம், வட்டிக்காரன் வாசலில் நிற்கிறான், நாத்தனாரோடு பேச்சுவார்த்தை இல்லை. இதில் கொஞ்சம் புறணியும் கலந்திருக்கும், இல்லை என்று சொன்னால் பெரியம்மாவே சிரிப்பாள். ஆனால் மறுநாள் குழாயடியில் "என்ன மதினி, பேசிட்டியா?" என்று நாலு பேராவது கேட்டுவிடுவார்கள். ஜெபிக்கிறேன் என்று சொன்னவளுக்கு விசாரிக்கிற பொறுப்பும் சேர்ந்தே வந்தது.

சபை கூடிவருவதை விட்டுவிடக் கூடாது என்ற எபிரெயர் 10ஆம் அதிகார வசனத்தை, கோயிலுக்கு வராதவர்களைக் கண்டிக்கத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். அன்பு செய்ய ஒருவரை ஒருவர் கிளப்பிவிடச் சொல்லும் முந்தின வசனத்தை ஏனோ யாரும் அவ்வளவு சத்தமாகச் சொல்லவில்லை. எங்கள் தெருப் பெண்களுக்கு அந்த முந்தின வசனம் சொல்லிக்கொடுக்காமலே வந்தது.

தெருக்கோடியில் இருந்த ஒரு மதினியின் புருஷன் பட்டாசு மருந்து அறையில் தீப்பிடித்துச் செத்துப்போனார். கோயில் பக்கமே வரமாட்டேன் என்று மதினி சொல்லிவிட்டாள். ஆறுதல் வசனத்தோடு போன பெரிய மனிதர்களைத் திண்ணையோடு அனுப்பிவைத்தாள். பெரியம்மா வசனம் எதுவும் எடுத்துப்போகவில்லை. தினமும் காலையில் போய், பிள்ளைகளுக்குத் தலைசீவிப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு வந்தாள். மாதங்கள் கழிந்து, ஜெபம் பெரியம்மா வீட்டு முறைக்கு வந்தபோதுதான் கூப்பிட்டாள். எனக்கு ஜெபம் வராது என்றாள் மதினி. "வரலைன்னா விடும்மா. உனக்கும் சேத்து நாங்க பண்ணிக்கிடுறோம். நீ சும்மா வந்து உக்காரு." மதினி வந்து கதவோரம் உட்கார்ந்தாள். பாட்டுக்கு வாய் திறக்கவில்லை. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவுமில்லை.

இப்படி முறைவைத்துத் தாங்குவது இந்த மண்ணுக்குப் பழசு. கேம்பிரிட்ஜில் கணிதத்தில் பேரெடுத்து, சென்னையில் சி.எம்.எஸ். மிஷனரிச் சங்கத்தின் செயலராக இருந்த தாமஸ் ராக்லண்ட், 1854இல் ஃபென், மெடோஸ் என்ற இரு நண்பர்களோடு இந்தக் கரிசல் காட்டுக்கு வந்தார். பங்களா கட்டவில்லை. கூடாரத்தில் தங்கி, ஊர் ஊராகப் பெயர்ந்துகொண்டே இருந்தார்கள். அவர்களோடு நடந்தவர்கள் தெற்குத் திருநெல்வேலியிலிருந்து வந்த தமிழ் உபதேசியார்கள். அங்கிருந்த சபைகள் தங்கள் ஆட்களை முறைபோட்டு அனுப்பின. முறை முடிந்தவர் ஊர் திரும்பி வடக்கே கண்டதைச் சொல்ல, அடுத்தவர் கிளம்பி வருவார். கொடுத்த சபைக்கும் அதில் உயிர் வந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ராக்லண்ட் 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் காலமானார். வயது 43. டோனாவூரில் ஊழியம் செய்த ஏமி கார்மைக்கேல் அவர் சரித்திரத்தைப் புத்தகமாக்கினார். முறைக்கு வந்துபோன உபதேசியார்களின் பெயரை எங்கள் ஞாயிறு பள்ளியில் யாரும் சொல்லித்தந்ததில்லை. எனக்கு அது இன்றுவரை குறைதான்.

இன்னொரு குறையும் உண்டு. ஒவ்வொரு வெடிவிபத்துக்குப் பிறகும் கர்த்தருடைய சித்தம் என்று சொல்லத் தெரிந்த அளவுக்கு, ஒரே அறையில் எத்தனை பேரை உட்காரவைத்தீர்கள் என்று கேட்க எங்களுக்குத் தெரியவில்லை. பீஸ் ரேட்டுக்கு ஓடுகிற கைகள் அவசரப்படும், உராய்வில் பொறி கிளம்பும், வெயில் நாளில் மருந்து சொன்னபடி கேட்காது. இது பாய் விரித்து உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரியும். ஜெபக் குறிப்பில் மட்டும் அது வரவே இல்லை. ஒருவரை ஒருவர் தாங்கினோம். தாங்க வேண்டிய நிலை ஏன் வருகிறது என்பதைத் தொடாமல் விட்டோம்.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி பக்கத்து முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். வேலைக்காரர்கள் மட்டுமல்ல, முதலில் எழுந்த புகையைப் பார்த்து ஓடிப்போன சுற்றுவட்டாரத்துச் சனங்களும் அதில் அடக்கம். பெரியம்மா அப்போது இல்லை. கதவோரம் உட்கார்ந்த அந்த மதினி, தெருப் பெண்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு துக்க வீடுகளுக்குப் போய்வந்தாள். கிறிஸ்தவ வீடா, இந்து வீடா என்று பார்க்கவில்லை. அங்கே போய் என்ன சொன்னாய் என்று பிற்பாடு கேட்டேன்.

"என்னத்தச் சொல்ல? அடுப்பு அணைஞ்சு கெடந்துச்சு. பத்தவச்சு உலை வச்சோம்" என்றாள்.