மடித்துக் கட்டிய கைலி

முதுகுளத்தூர்ப் பக்கம் கரிமூட்டம் போடுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு நடக்கத் தெரிந்ததுமே சொல்லிவைப்பது ஒன்று உண்டு. மூட்டத்து மேல ஏறாதே. சீமைக்கருவேல விறகை அடுக்கி, வைக்கோலும் தழையும் பரப்பி, மேலே மண்ணைப் போட்டு மூடித் தீ வைத்தால் உள்ளே நாள்கணக்கில் புகைந்துகொண்டு கிடக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு அது மண்மேடு. எங்காவது மண் உள்வாங்கினால் காற்றுப் புகுந்து, கரியாக வேண்டியது சாம்பலாகிவிடும். அதனால் ராத்திரியும் ஆள் காவல் இருந்து, ஓட்டையை அப்போதைக்கப்போது அடைக்க வேண்டும்.

அன்று எனக்குக் காய்ச்சல். "ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வாய்யா" என்று மகனை அனுப்பினேன். அவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. மண் உள்வாங்கியிருப்பதைப் பார்த்து, அடைக்கலாம் என்று ஏறியிருக்கிறான். வலது கால் முழங்கால்வரை உள்ளே போய்விட்டது.

மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையில் இரண்டு மாதம் கிடந்தோம். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். தீக்காயம் ஆறிவிட்டால் போதும் என்று நினைத்திருந்தேன். ஆறிய பிறகுதான் தழும்பு இறுக ஆரம்பிக்கும், விட்டால் முழங்கால் மடங்கியபடியே நின்றுவிடும் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். தினமும் காலையில் காலை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுப்பார்கள். அவன் போடும் சத்தம் தாங்காமல் நான் வராந்தாவுக்குப் போய்விடுவேன். அவன் அம்மா போகமாட்டாள். தலைமாட்டில் நின்று, ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு, அவன் தோளைப் பிடித்திருப்பாள்.

அந்த வராந்தாவில்தான் ஓரியூர்ப் புனிதர் அருளானந்தருக்கு நேர்ந்துகொண்டேன். என் பிள்ளை எழுந்து நடந்தால் அவனுக்கு ஒரு மாதம் காவி உடுத்தி, உம் திருநாளான பிப்ரவரி 4 அன்று உம் வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்றேன்.

அருளானந்தர் கதையிலும் இப்படி ஒரு நேர்ச்சை உண்டு. 1647இல் லிஸ்பன் நகரில் பிறந்தவர். தகப்பனார் சிறுவயதிலேயே இறந்துபோனார். பதினொரு வயதில் பிள்ளை பிழைக்காது என்கிற அளவுக்கு நோய். தாய் பெயாத்ரிஸ் சவேரியாரை வேண்டி, பிள்ளை தேறினால் ஒரு வருஷம் சேசுசபைத் துறவியின் அங்கியை அணிவிப்பதாக நேர்ந்தாள். தேறினான். அவன் வளர்ந்த அரண்மனையில் மற்றப் பிள்ளைகள் பட்டும் சரிகையுமாகத் திரிய, இவன் கறுப்பு அங்கியோடு ஒரு வருஷம் இருந்தான். தாய் அதோடு கணக்கு முடிந்தது என்றுதான் நினைத்திருப்பாள். மகனுக்கு அந்த உடுப்பின் நினைப்பு விடவில்லை. 1662இல் சபையிலேயே சேர்ந்துவிட்டார். இந்தியாவுக்குக் கப்பல் ஏறப்போகிறார் என்றதும் அவள் போப்பாண்டவரின் தூதர்வரைக்கும் போய்த் தடுக்கப் பார்த்தாள். முடியவில்லை. சாவிடமிருந்து கேட்டு வாங்கிய பிள்ளையை நம்முடைய சேதுச் சீமை வாங்கிக்கொண்டது. மகன் காவி கட்டிப் பண்டாரசாமியாக அலைந்தார்.

அவர் ஓரியூர்ப் பாம்பாற்றங்கரையில் வெட்டுப்பட்டதற்குக் காரணமும் ஒரு சுகம்தான். மறவர் குலத்துப் பிரபு தடியத்தேவர் தீராத நோயில் கிடந்தபோது ஓர் உபதேசியார் போய் நற்செய்தி வாசித்து ஜெபித்தார், அவர் எழுந்தார் என்பது வரலாறு. 1693 ஜனவரி 6, மூன்று அரசர் திருநாளன்று அருளானந்தரிடம் ஞானஸ்நானம் பெற்றார். ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். அவர்களில் இளையவர் சீமையை ஆண்ட ரகுநாத கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அந்தப் பெண் அழுதுகொண்டு அரண்மனைக்குப் போக, ஒரு மாதம் கழிவதற்குள், பிப்ரவரி 4ஆம் தேதி, சாம்பல் புதனன்று அருளானந்தரின் தலை விழுந்தது. சின்ன வயதில் இதைக் கேட்கும்போது அவளை நான் கெட்டவளாகத்தான் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. ஒருவன் உடம்பு சுகமானதற்கு அவள் வாழ்வு விலையாகப் போயிற்று. அவளுக்காக ஜெபித்தவர்கள் யாரென்று எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

எங்கள் ஊர் உபதேசியாரும் மகனுக்கு வந்து ஜெபித்தார். கால் நேரானது. எட்டு மாதத்தில் நடந்தான். டாக்டர்களின் கையையும் ஆண்டவரின் கையையும் நான் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆனால் பிள்ளை வெயில் காலத்திலும் முழுக்கால் சட்டையைக் கழற்ற மாட்டான். புகை வாசம் வந்தால் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். அம்மாவோடு பேசுவான். என்னோடு பேச்சு, "ம்" என்பதோடு சரி.

திருவிழாவுக்கு முந்தின மாதம் காவித் துணி வாங்கி வந்தேன். அவன் அதைத் தொடவில்லை.

"என் காலுக்கு நேந்துக்கிறதுக்கு ஒங்கள யாரு கேட்டா?"

அடிக்கக் கை ஓங்கி, அப்படியே நின்றுவிட்டேன். மூட்டத்துக்கு அனுப்பும்போதும் அவனைக் கேட்கவில்லை, நேர்ந்துகொள்ளும்போதும் கேட்கவில்லை.

அந்தக் காவியை நானே உடுத்திக்கொண்டேன். ராமநாதபுரம் போய்ப் பஸ் மாறி ஓரியூருக்குத் தனியாகப் போனேன். அங்கே மண் சிவப்பு. அருளானந்தரின் ரத்தம் பட்டுச் சிவந்தது என்பது எங்கள் நம்பிக்கை. எல்லாரும் நோயாளிகளுக்காக அதை எடுத்து முடிந்துகொண்டு போவார்கள். நானும் எடுத்தேன். வீட்டுக்கு வந்து, படுத்திருந்தவன் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பாதான் ஒன்ன அனுப்புனேன். என்னய மன்னிச்சிருய்யா" என்றேன். சுவரைப் பார்த்துப் படுத்தபடி, ஒன்றும் சொல்லாமல் கிடந்தான். மண் என் முடிச்சிலேயே இருந்தது.

மாதங்கள் போயின. ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அன்னைக்கி ஒங்களுக்கு ரொம்பக் காய்ச்சலாப்பா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "நடுங்குச்சா?" நடுங்கியது என்றேன். மேற்கொண்டு கேட்கவில்லை. குழம்பு ஊற்றச் சொன்னான். எழுந்து நின்ற அவன் அம்மா, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அடுத்த வருஷத் திருவிழாவுக்கு யாரும் கூப்பிடாமலே எங்களோடு கிளம்பினான். காவி இல்லை, சாதாரணக் கைலி. ஓரியூரில் குழாயடியில் கூட்டம். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கால் கழுவினான். பக்கத்தில் தண்ணீர் பிடிக்க நின்ற ஒரு பொடியன் குனிந்து பார்த்து, "அண்ணே, காலு என்ன இப்பிடி இருக்கு?" என்றான்.

"கரிமூட்டத்துல போயிருச்சு. இப்ப சரியாப்போச்சு" என்று சொல்லிவிட்டு, அந்தப் பையனின் குடம் நிறையும்வரை குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான்.