புதுக்கோட்டைப் பயணம் – 4: முதல் பதிப்பைத் தேடி

திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினால், விமான நிலையம் தாண்டியபின் பாரதிதாசன் பல்கலைக்கழகம் வருகிறது. 1982-இல் தொடங்கியது. புதுக்கோட்டை மாவட்டத்துக் கலைக் கல்லூரிகளெல்லாம் அதன்கீழ்தான். முதுகுப் பைகளோடு பாதி பஸ் அங்கேயே இறங்கிவிட்டது. எனக்கும் ஆராய்ச்சி வேலைதான். ஆனால் டிக்கெட் திருக்கோகர்ணம் வரை. கீரனூர், நார்த்தாமலைக் குன்றுகள், ஒரு குட்டித் தூக்கம். ஊர் வந்துவிட்டது.

போன வாரம் எழுதிய அருங்காட்சியகமும் இதே திருக்கோகர்ணத்தில்தான். அது 1910-இல் சமஸ்தானம் வைத்தது. நான் தேடி வந்த ஞானாலயா நூலகத்துக்கு ராஜாவும் கிடையாது, அரசாங்கமும் கிடையாது. பள்ளி ஆசிரியர் பா. கிருஷ்ணமூர்த்தியும் கல்லூரிப் பேராசிரியையான அவர் மனைவி டோரதியும் சம்பளக் காசில் சேர்க்கத் தொடங்கியது, ஒரு லட்சம் புத்தகங்களைத் தாண்டிவிட்டது. இங்கே பட்டம் தருவதில்லை. பட்டத்துக்கு ஆய்வேடு எழுதுகிறவர்கள்தான் இங்கே வந்து குறிப்பெடுத்துப் போகிறார்கள்.

இதன் பலம் முதல் பதிப்புகள். "அதான் மறுபதிப்பு கடையிலேயே கிடைக்குதே சார்" என்றார் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர். கிடைக்கிறது. ஆனால் பழைய தமிழ்ப் புத்தகம் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். முகவுரை, நண்பர்களின் சாற்றுகவி, பணம் கொடுத்த பிரபுவின் பெயர், அச்சுக்கூடம் இருந்த தெரு, அணாவில் விலை, கடைசிப் பக்கத்தில் தைல விளம்பரம். மறுபதிப்பில் பக்கத்தை மிச்சம் பிடிக்க முதலில் கத்தரி விழுவது இவற்றின் மேல்தான். சில நூல்களில் ஆண்டுக்குப் பதில் 'விரோதி', 'துர்முகி' என்று வருஷப் பெயர் மட்டும் இருக்கும். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பிவிடுமே! எந்தச் சுற்று என்று பிடிக்க அந்த விளம்பரமும் விலையும்தான் துப்பு. மறுபதிப்பை நம்பி ஆண்டைத் தப்பாகப் போட்டு, நெறியாளரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

இதேபோல் பக்கத்துச் செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த புத்தகங்களை, 1992-இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. சென்னையில் அவர் பெயரிலுள்ள ஆராய்ச்சி நூலகம் அப்படி வந்ததுதான். நம் செட்டிநாட்டுப் புத்தகத்தைக் காப்பாற்றச் சிகாகோக்காரன் வரவேண்டியிருந்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் டிரங்குப் பெட்டி இருக்கிறதா? பழைய பேப்பர்காரரைக் கூப்பிடும் முன் இப்படியொரு நூலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். அட்டை போயிருந்தாலும் பரவாயில்லை; தைல விளம்பரத்தை மட்டும் கிழித்துவிடாதீர்கள்.