திரைக்கு வெளியே நிற்பவர்

அமெரிக்கக் கால்பந்தின் சியாட்டில் சீஹாக்ஸ் அணியில் 2013இல் எதிரணியைத் தடுத்து ஆடிய டிஃபென்ஸ் பட்டியலை எப்போது எடுத்தாலும், பெயர்களைவிட அவர்கள் எந்தச் சுற்றில் தேர்வானார்கள் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். கேம் சான்சலர் ஐந்தாம் சுற்று. ரிச்சர்ட் ஷெர்மன் ஐந்தாம் சுற்று. பைரன் மேக்ஸ்வெல் ஆறாம் சுற்று. மால்கம் ஸ்மித் ஏழாம் சுற்று. அதற்குப் பிறகு சுற்றே கிடையாது. கல்லூரி ஆட்டக்காரர்களை 32 அணிகளும் முறைவைத்து எடுக்கும் அந்த டிராஃப்டில், 2011இல் ஷெர்மனுக்கு முன்னால் 153 பேரை எடுத்திருந்தார்கள். ஸ்மித்துக்கு முன்னால் 241 பேரை. மற்றவர்கள் தாண்டிப்போன பிள்ளைகளை வைத்து, தொடர்ந்து நான்கு ஆண்டுகள் லீக்கிலேயே மிகக் குறைந்த புள்ளிகளைக் கொடுத்த டிஃபென்ஸை உருவாக்கினார் பயிற்சியாளர் பீட் கேரல். அந்த வியப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.

உண்மையில் இந்த அணியிடம் என்னை இழுத்தது டிஃபென்ஸ் அல்ல, பந்தை வீசும் குவார்ட்டர்பேக் ரசல் வில்சன். முன்னால் நிற்கும் மலைபோன்ற ஆட்களின் தலைக்கு மேலே பார்த்து வீச வேண்டும் என்பதால், குவார்ட்டர்பேக் என்றால் நெடியவராக இருக்க வேண்டும் என்பது அந்த ஆட்டத்தின் நெடுநாள் நம்பிக்கை. வில்சன் ஆறடியே இல்லை. 2012இல் மூன்றாம் சுற்றில், 75ஆவது ஆளாக வந்தார். அதே ஆண்டு மார்ச்சில்தான் மேட் ஃப்ளின் என்ற குவார்ட்டர்பேக்கை நல்ல விலை கொடுத்து அணி ஒப்பந்தம் செய்திருந்தது. ஆனாலும் ஆகஸ்ட் முடிவதற்குள் கேரல் புதுப்பையனிடம் பந்தைக் கொடுத்துவிட்டார். அந்த முதல் ஆண்டிலேயே பையன், பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் சேர்க்கும் டச்டவுன் வீச்சுகள் 26 போட்டு, புதுமுகங்களில் பெய்டன் மேனிங் வைத்திருந்த சாதனையைச் சமன் செய்தார்.

வில்சன் ஓடும் விதம் தனி. காவல் உடைந்து எதிராளி கைநீட்டும் நேரத்தில், அவனுக்கு முதுகைக் காட்டியபடி ஒரு சுழல் சுழன்று வெளியே வருவார். கால் ஒரு பக்கம் ஓடும். பார்வை மைதானத்தின் மறுகோடியிலேயே இருக்கும். ஓடித் தப்புவது அவருக்கு நோக்கமே அல்ல, வீசுவதற்கு இன்னும் ஒரு விநாடி வேண்டும், அவ்வளவுதான்.

அவருடைய இளமைக்கு இன்னொரு பயனும் இருந்தது. லீக்கும் ஆட்டக்காரர்களும் செய்துகொண்ட 2011 ஒப்பந்த விதிகளின்படி, டிராஃப்டில் வந்தவர் மூன்று பருவம் ஆடி முடிக்கும்வரை சம்பளத்தைத் திருத்திக் கேட்க முடியாது. 2013இல் ஒரு அணி தன் ஆட்டக்காரர்கள் அனைவருக்கும் சேர்த்துச் செலவிடக்கூடிய உச்சவரம்பு 12 கோடியே 30 லட்சம் டாலர். அதில் வில்சன் கணக்கில் வந்தது 7 லட்சம்கூட இல்லை. மிச்சம் பிடித்த பணத்தில்தான் டிஃபென்ஸுக்குக் கிளிஃப் ஏவ்ரிலும் மைக்கேல் பென்னட்டும் வந்து சேர்ந்தார்கள். இதைக் கண்ட மற்ற அணிகள் எல்லாம் மலிவான இளம் குவார்ட்டர்பேக், அந்த மிச்சத்தில் பெரிய டிஃபென்ஸ் என்று கணக்குப்போட ஆரம்பித்தன. கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கணக்கில் ஏர்ல் தாமஸ் வரமாட்டார்.

தாமஸ் சேஃப்டி, இந்தக் கூட்டத்தில் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டவர்களில் ஒருவர். தொலைக்காட்சியில் ஆட்டம் பார்க்கிறவருக்கு, பந்து நகரும் முன்பு அவர் பெரும்பாலும் கண்ணில் படவே மாட்டார். கேமரா பந்தைச் சுற்றிய கூட்டத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். அவர் அந்தச் சட்டத்துக்கு வெளியே, எல்லாருக்கும் பின்னால் நடுவில் நிற்பார். இருபுறமும் நீளப் பந்துகளை ஓரக் காவலர்களான கார்னர்பேக்குகள் பார்த்துக்கொள்ள, நடுப்பகுதி முழுக்க அவர் ஒருவர் பொறுப்பு. அவர் அங்கே இருக்கிற தைரியத்தில்தான் சான்சலர் முன்னே இறங்கி வந்து மோத முடிந்தது. பந்து உயரே கிளம்பி, கேமரா அதைத் துரத்தித் திரும்பும்போது, திரையின் ஓரத்திலிருந்து திடீரென்று தாமஸ் உள்ளே பாய்வார். எங்கிருந்து கிளம்பினார், எதைப் பார்த்துக் கிளம்பினார் என்று தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் பந்தை விட்டுவிட்டு மற்றவர்களைப் பார்க்கப் பழகினேன்.

அப்படிப் பழகிய கண்ணுக்குக் கிடைத்த பெரிய பரிசு, 2014 ஜனவரி 19. சான் ஃபிரான்சிஸ்கோவுடன் ஆட்டம். சியாட்டில் 23, அவர்கள் 17. அரை நிமிடம் மிச்சம். ஒரு டச்டவுன் போட்டால் அவர்கள் லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலுக்குப் போய்விடலாம். அவர்களின் குவார்ட்டர்பேக் காலின் கேப்பர்னிக் மூலையில் இருந்த மைக்கேல் கிராப்ட்ரீயைக் குறிவைத்து உயர வீசினார். கூடவே ஓடிய ஷெர்மன் எகிறி, விரல்களால் பந்தைத் தட்டிவிட்டார். உலகமே அந்தக் கையைத்தான் பார்த்தது. அதன்பின் ஷெர்மன் கேமரா முன் கத்திப் பேசியது வாரக்கணக்கில் பேச்சாக இருந்தது. நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது மால்கம் ஸ்மித்தை. அவர் நடுவரிசையில் காவல் நிற்கும் லைன்பேக்கர். வீச்சு அவரைத் தாண்டிப் போய்விட்டது. மூலையில் ஷெர்மன் இருக்கிறார். நின்று வேடிக்கை பார்த்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் நிற்கவில்லை. பந்து போகிற திசையில் விடாமல் ஓடினார். தட்டிய பந்து மைதானத்துக்குள் திரும்பி விழுகிற இடத்தில் அவருடைய இரண்டு கைகளும் இருந்தன. கேரல் அணியில் பந்தை நோக்கி எல்லாரும் ஓட வேண்டும் என்பது அன்றாடப் பாடம். 242ஆவது ஆள் அந்தப் பாடத்தை ஒரு நாளும் விட்டதில்லை என்பது அந்த ஒரு ஓட்டத்திலேயே தெரிந்தது.

இரண்டு வாரம் கழித்து சூப்பர் பவுல். அந்தப் பருவத்தில் 606 புள்ளிகள் குவித்து வந்த டென்வரை 43-8 என்று வீழ்த்தினார்கள். டென்வரின் குவார்ட்டர்பேக்காக இருந்த மேனிங்கின் ஒரு பந்தைப் பிடித்து 69 கெஜம் ஓடி டச்டவுன் போட்ட ஸ்மித்துக்கு ஆட்டநாயகன் விருது. அன்றும் ஓடத் தயாராக நின்றிருந்தார்.

அடுத்த ஆண்டு கிளெண்டேல் நகரில் நடந்த சூப்பர் பவுலில், கோட்டுக்கு மிச்சமிருந்த அந்த ஒரு கெஜத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள்: பந்தை ஏந்தி ஓடும் மார்ஷான் லிஞ்ச் கையில் கொடுக்காமல் வில்சனை ஏன் வீசச் சொன்னார்கள்? எதிரணியின் மால்கம் பட்லர் அதைப் பறித்தார், நியூ இங்கிலாந்து 28-24 என்று வென்றது. எனக்கு வலிப்பது அதற்கு முன்பே நடந்தது. நான்காவது பகுதி தொடங்கும்போது பத்துப் புள்ளி முன்னிலை. ஆனால் ஷெர்மனுக்கு முழங்கை, தாமஸுக்குத் தோள், சான்சலருக்கு முழங்கால் என்று மூவரும் காயத்தோடுதான் அன்று ஆடினார்கள். நியூ இங்கிலாந்தின் டாம் பிரேடி அந்தக் கால்மணி நேரத்தில் இரண்டு டச்டவுன் வீசினார்.

அந்தக் கோடையில் வில்சனுக்கு நான்கு ஆண்டுக்கு 8 கோடியே 76 லட்சம் டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. குவார்ட்டர்பேக் விலை ஏறியது, அதனால் டிஃபென்ஸ் கலைந்தது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சம்பளம் ஏறிய அதே 2015 பருவத்திலும் மிகக் குறைந்த புள்ளிகள் கொடுத்தது இவர்கள்தான். 2017 நவம்பரில், அதே கிளெண்டேல் மைதானத்தில், ஒரே இரவில் ஷெர்மனின் குதிகால் நாண் அறுந்தது, சான்சலரின் கழுத்து அடிபட்டது. சியாட்டில் சட்டையில் இருவருக்கும் அதுவே கடைசி ஆட்டம். அடுத்த ஆண்டு செப்டம்பரில் அங்கேயே தாமஸின் கால் எலும்பு முறிந்தது; அவருக்கும் அதுதான் கடைசி. அந்தக் கடைசி ஆட்டங்களின்போது மூவருக்கும் வயது 29. வில்சனின் காசோலையைக் காட்டிக் குற்றம் சொல்கிறவர்கள் முதலில் இந்த மூன்று உடம்புகளுக்குப் பதில் சொல்லட்டும்.