சுரைக்காய் வற்றல்

மார்கழி பிறந்துவிட்டால் மெரினாவில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு வாக்கிங் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். 20 டிகிரிக்கே அந்தக் கதி. நானும் அந்தக் கட்சிதான். 2024 டிசம்பரில், மகளுக்கு அரையாண்டு லீவு விட்டதும், ஸ்ரீநகரில் ராஜ்பாக் பகுதியில் இருக்கும் நண்பன் வீட்டு வாசலில் குடும்பத்தோடு போய் இறங்கினேன். தி.நகரில் பேரம் பேசி வாங்கிய ஜெர்க்கின் அந்த நிமிஷமே ராஜினாமா செய்துவிட்டது.

நண்பன் சென்னையில் என் பக்கத்து மேஜைக்காரன். பத்து வருஷத்துக்கு மேல் நம்ம ஊரில் இருந்தவன். தமிழை சைதாப்பேட்டை டீக்கடையில் கற்றுக்கொண்டதால், "இன்னா மச்சி" என்றுதான் ஆரம்பிப்பான். "ஒரு தபா குளிர்ல வா மச்சி. வெயில் காலத்துல வர்றவன் டூரிஸ்ட். குளிர்ல வர்றவன்தான் சொந்தக்காரன்" என்று வருஷா வருஷம் கூப்பிடுவான். நான் வருஷா வருஷம் ஒரு சாக்கு சொல்வேன். அந்தச் சாக்குக்கு ஒரு காரணம் உண்டு. பிறகு சொல்கிறேன்.

நமக்கு அக்னி நட்சத்திரம் மாதிரி காஷ்மீரிகளுக்கு 'சில்லை கலான்'. டிசம்பர் 21-ல் ஆரம்பித்து 40 நாள். அது முடிந்தால் 20 நாள் 'சில்லை குர்த்'. அப்புறம் 10 நாள் 'சில்லை பச்சா'. பெரிய குளிர், சின்னக் குளிர், குட்டிக் குளிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த டிசம்பரில் ஸ்ரீநகரில் ஓர் இரவு மைனஸ் 8.5 டிகிரி வரை போனது. குழாயில் தண்ணீர் வராது. உள்ளேயே உறைந்துவிடும். காலையில் நண்பனின் தம்பி பழைய பேப்பரைக் கொளுத்திக் குழாய்க்குக் கீழே காட்டுவான். நம்ம வீட்டில் கேஸ் அடுப்பைப் பற்றவைப்பது போல அவ்வளவு சாதாரணமாக!

போனதும் எனக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கும் ஒரு ஃபேரன் அங்கியை மாட்டிவிட்டு, கையில் ஒரு காங்கிரியைக் கொடுத்தார்கள். மண்சட்டியில் கரி நெருப்பு, அதைச் சுற்றிப் பிரம்புக்கூடை மாதிரி பின்னல், பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி. அவ்வளவுதான். அதை அங்கிக்குள் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். பெண்ணைப் பெற்றவர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பதாக நம் ஊரில் சொல்வார்கள் இல்லையா? அதை நிஜமாகவே செய்தேன். சுகமாகத்தான் இருந்தது. ஆனால், வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் சூடு பட்டால் தோலில் புற்றுநோய் வரும். இதை 19-ம் நூற்றாண்டிலேயே டாக்டர்கள் எழுதிவைத்துவிட்டார்கள். சொன்னேன். நண்பனின் அம்மா சிரித்துவிட்டு, என் காங்கிரியில் சாம்பலைக் கிளறி, இன்னும் கொஞ்சம் கரி போட்டார்.

டிசம்பர் 27-ம் தேதி பனி கொட்டியது. பெரிய மழை என்றால் சத்தம் கேட்கும். பனிக்குச் சத்தமே கிடையாது. கதவைத் திறந்தால் தெருவைக் காணோம். மறுநாள் விமானங்கள் ரத்து. மகளுக்கு ஏகக் கொண்டாட்டம். தம்பி ஸ்வீட் பாக்ஸ் மாதிரி ஒன்றை பேப்பரில் சுற்றிக்கொண்டுவந்து என்னிடம் பவ்யமாக நீட்டினான். பிரித்தால், உள்ளே ஒரு கைப்பிடி பனி. வீடே கைதட்டியது. முதல் பனியை இப்படி ஏமாற்றிக் கையில் கொடுத்துவிட்டால், வாங்கியவர் தோற்றுப்போனதாக அர்த்தமாம். வீட்டுக்கே விருந்து வைக்க வேண்டும். ஆக, அந்த வீட்டுக்கு நான் ஒரு விருந்து பாக்கி.

அது மட்டும் பாக்கியாக இருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மாடிப்படி ஏறும்போது மகள்தான் அதைப் பார்த்தாள். சுவரில், என் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், பழுப்பு நிறத்தில் ஒரு கோடு. வீடு முழுக்கப் புது பெயின்ட். அந்தச் சுவரை மட்டும் விட்டிருந்தார்கள். "இது என்ன கோடு அங்கிள்?" என்றாள். "வெள்ளம் வந்த கோடு குட்டி" என்றான் நண்பன். எனக்குக் காங்கிரி இல்லாமலே வியர்த்தது.

2014 செப்டம்பரில் ஜீலம் நதி ஸ்ரீநகருக்குள் புகுந்தபோது இவன் சென்னையில் இருந்தான். டெலிபோன், செல்போன் எதுவும் வேலை செய்யவில்லை. எட்டு நாள் வீட்டிலிருந்து ஒரு தகவலும் இல்லை. பக்கத்து மேஜையில் உட்கார்ந்து ஒரே நம்பரைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? "மிலிட்டரி போயிருக்காங்கல்ல, பாத்துப்பாங்க" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தேன். அதைவிட மோசம், நாலாவது நாள், "நீ ஊருக்குப் போயிட்டா அந்த ரிப்போர்ட்டை யாருப்பா முடிக்கிறது?" என்று கேட்டேன். சத்தியமாகக் கேட்டேன்.

அடுத்த வருஷம் டிசம்பரில் அடையாறு, ஜாபர்கான்பேட்டையில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் வந்தது. மயிலாப்பூரில் ஒரு ரூம் மாடி வீட்டில் இருந்தவன், இடுப்பளவு தண்ணீரில் வந்து எங்களை அழைத்துப்போனான். என் அம்மாவுக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டு ஒன்பது நாள் சமையல் மேடைக்குக் கீழே படுத்துக்கொண்டான். போன் வேலை செய்ய ஆரம்பித்ததும், இங்கிருந்து இந்த அம்மா தினமும் கூப்பிட்டு, "பேட்டா, தண்ணீர் வடிந்ததா?" என்று இந்தியில் கேட்பார். அவர் வீட்டில் வடிந்ததா என்று நான் கேட்டதே கிடையாது. சாக்குக்குக் காரணம் புரிகிறதா?

பனி விழுந்த அன்று ராத்திரி, அடியில் விறகெரித்துச் சூடேற்றிய கல் தரையில் விரிப்பு போட்டு, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். 'அல் ஹச்சி' என்று ஒரு பதார்த்தம். சுரைக்காயை நீள நீளமாக அறுத்து, வெயிலில் உலர்த்தி, குளிர்காலத்துக்கு எடுத்துவைப்பது. நம்ம ஊர் வற்றல்தான். என் மனைவி கொண்டுபோயிருந்த மணத்தக்காளி வற்றலை அந்த அம்மா முகர்ந்து பார்த்து, "உங்களுக்கு எதற்கு வற்றல்? வருஷம் முழுக்க வெயில்தானே?" என்றார். பதில் இல்லை.

அப்புறம் அவராகவே சொன்னார். வெள்ளத்தின்போது பதினோரு பேர் தகரக் கூரைக்குக் கீழே, பரணில். அந்த வருஷக் குளிருக்குக் காயவைத்த சுரைக்காயும் கத்திரிக்காயும் அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தன. ஆறு நாள் அதுவும் சோறும்தான். "செப்டம்பரிலேயே தீர்ந்துவிட்டது. அந்தக் குளிர்காலம் மட்டும் இந்த வீட்டில் வற்றல் இல்லை" என்றார், ஏதோ அது ஒன்றுதான் நஷ்டம் என்பது போல.

அந்தச் சமயத்தில் விட்டால் இனிமேல் முடியாது என்று தோன்றியது. என் இந்தி ஆட்டோக்காரரிடம் வழி கேட்கிற அளவுக்குத்தான் வரும். தட்டைக் கீழே வைத்தேன். "அம்மாஜி... அப்போ... நான் போன் செய்யலை... கேக்கலை... தப்பு..." என்று இந்தியும் கையுமாகத் தடுமாறினேன். அவர் என் முகத்தையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். புரிந்தது போலத் தலையசைத்தார். என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சுரைக்காய் வைத்தார்.

நண்பனுக்கு மட்டும் எல்லாம் புரிந்திருக்க வேண்டும். தலையைத் தூக்காமல், சோற்றைப் பிசைந்துகொண்டே தமிழில் சொன்னான்:

"உடு மச்சி. துன்னு. ஆறிடும்."